மொட்டை மாடியில் மின்சார கிரில்

கேள்வி: சின்ன மின்சார கிரில் வாங்கியிருக்கிறோம். மொட்டை மாடியில் வைத்துச் சுட ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

பதில்: முதலில் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். 2000 வாட் கிரில், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜ் போடும் சின்ன பாயின்ட் தாங்காது. எர்த் உள்ள 15 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம், சூடேறி உருகிவிடும். தூறல் போட்டால் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

முதல் தடவை எதுவும் வைக்காமல் கொஞ்ச நேரம் ஓடட்டும், புதுவாடை போகும். அப்புறம் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது கம்பி காய வேண்டும். தயிர் மசாலா சொட்டச் சொட்ட வைத்தால் கோழி அவியும், சிவக்காது. வழித்துவிட்டு, எண்ணெய் தடவி வையுங்கள். கரி அடுப்பின் வாசனை மட்டும் இதில் வராது. தொடக்கத்துக்குக் கத்தரிக்காய், பனீர், அன்னாசித் துண்டு போதும். எலும்போடு கோழிக்கால் பிறகு.