இராவணன் மீசை: முள்ளுமல்ல, களையுமல்ல

மணப்பாட்டு மணற்குன்றில் செருப்பில்லாமல் ஏறியவர்களுக்கு இராவணன் மீசை எது என்று சொல்லத் தேவையில்லை. குதிகால் மறக்காது. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நம் கடற்கரையில் வளரும் இதை, ‘முள்ளுச்செடி’ என்று சொல்லி ஒதுங்கிப் போகிறோம்.

உண்மையில் இது நெல், கரும்பு, மூங்கில் ஆகியவற்றின் குடும்பத்துப் புல். பல்லாண்டு வாழ்வது. காலில் குத்துவது முள்ளல்ல, இலை. ஈரம் வீணாகாதபடி இலை உள்நோக்கிச் சுருண்டு விறைத்து, நுனியில் ஊசியாக முடிகிறது. 1768இல் இதற்குப் பெயரிட்ட தாவரவியலாளர் பர்மன்கூட ‘ஸ்டைபா’ என்ற ஊசிப்புல் பேரினத்தில்தான் இதை வைத்தார். இன்று இதன் பெயர் ஸ்பைனிஃபெக்ஸ் லிட்டோரியஸ். அசல் ஊசிப்புல்லில் ஊசி என்பது விதையை மூடிய உமியின் நீட்சி. இந்தப் புல்லில் உருவாகும் உருண்டைப் பந்தில் உள்ள ஊசியோ கதிரின் காம்பே நீண்டு கூரானது.

காற்றில் உருண்டோடும் அந்தப் பந்தைக் காய் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு கதிர்க்கொத்து. பெண் புல்லில் மட்டுமே உருவாகும். ஆமாம், இந்தப் புல்லில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் புல்லின் கதிர்களைப் பார்த்து வேறொரு புல் என்று எண்ணிவிடுவது எளிது. மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது காற்று. பெண் பந்தின் ஒவ்வொரு ஊசிக்கும் அடியில் ஒரே ஒரு சிறுகதிர், அதற்குள் விதை. முற்றியதும் பந்து முழுதாக ஒடிந்து விழும். ஊசிகள் அதை மணலில் படுக்கவிடுவதில்லை. காற்றடித்தால் அவற்றையே கால்களாக ஊன்றி உருளும். சிறுவயதில் நாங்கள் இதைத் துரத்தி ஓடியிருக்கிறோம். விதைப்பைத் துரத்துகிறோம் என்று அப்போது தெரியாது.

கடல்நீரைக் குடித்து வளர்கிறது என்பதும் சரியல்ல. உப்புச் சாரலைத் தாங்கும், அவ்வளவுதான். வேருக்குக் கிடைப்பது மணல் பிடித்துவைத்த மழைநீர். திருச்செந்தூரில் கடலுக்கு இத்தனை அருகே நாழிக்கிணறு நல்ல தண்ணீர் தருவதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

என்னை அதிகம் வருத்துவது, இது களை என்ற எண்ணம். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பிளாஸ்டிக்கோடு இதையும் பிடுங்கிப் போடுகிறார்கள். இதன் ஓடுதண்டு மணல்மேல் பல அடி படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். காற்று கொண்டுவரும் மணல் தூரில் தடுக்கி நிற்கும். மணல் மூடினால் புல் சாகாது. அதற்கு மேலே மறுபடி தளிர்க்கும், மறுபடி மணல் சேரும். மேடு இப்படித்தான் எழுகிறது. அடும்பங்கொடியும் கூட நின்று உதவும். புல்லைப் பிடுங்கிய இடத்தில் மணலுக்குப் பிடிப்பில்லை. அடுத்த காற்றில் அது வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் வந்துவிடும்.

சவுக்குத்தோப்பின் ஓரத்தில் காய்ந்த பந்துகள் பாதி புதைந்து கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். ஊசிகளுக்கு நடுவே பச்சை தெரியும்.