நண்டலாற்றின் இரு கரைகள்: பூவத்திலும் எதிர்க்கரையிலும் பாகப்பிரிவினை

முன்னுரை

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்லும் சாலையில், காரைக்கால் பகுதியின் வடகோடியில் அமைந்த ஊர் பூவம். அதனை அடுத்துள்ள நண்டலாறு அப்பகுதியின் வட எல்லையாக அமைகிறது. ஆற்றின் இருபுறமும் ஒரே காவிரி வண்டல். ஒரே நெல் வேளாண்மை. ஒரே உறவுமுறைச் சொற்கள். ஆயினும், தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளும் முறையில் இவ்விரு கரைகளும் நெடுங்காலமாக வேறுபட்டு நிற்கின்றன. அவ்வேறுபாடு 1954இல் பிரெஞ்சு ஆட்சி விலகியதோடு மறைந்துவிடவில்லை.

பங்கின் அளவைவிடப் பங்கு எப்போது தோன்றுகிறது என்பதே இவ்வேறுபாட்டின் மையம் என இக்கட்டுரை கருதுகிறது. மகனின் உரிமை அவன் பிறந்தபோதே தோன்றுகிறதா, தந்தை இறந்தபோது தோன்றுகிறதா என்பது முதல் வினா. மகனைப் பற்றிய இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடை, பின்னாளில் மகளின் நிலையை எவ்வாறு தீர்மானித்தது என்பது இரண்டாம் வினா.

பங்கு, காணி, வாரிசு

தாயம் என்னும் சொல் சங்க இலக்கியத்தில் அரசுரிமையைக் குறிக்க வழங்கியது. பின்னர் வந்த தாயாதி, தாயபாகம் ஆகிய சொற்களில் அது குடும்ப உரிமையாக நிற்கிறது. காணி என்பது கீழ்வாய் எண்ணில் 1/80ஐக் குறிக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் அதுவே வழிவழி வரும் நில உரிமையையும் குறிக்கும். அளவும் உரிமையும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயலன்று. தஞ்சைப் பகுதியின் மிராசு ஊர்களில் ஒரு குடும்பத்துக்கு உரியதாகக் கருதப்பட்டது, எல்லை குறித்த ஒரு வயல் என்பதைவிட, ஊர் முழுமையில் ஒரு பங்கு என்பதே பொருந்தும். ஊர் முழுதும் ஒருவருக்கு உரியதாயின் ஏகபோகம். பலர் தனித்தனியே உடைமை கொண்டிருந்தால் பாலபோகம். பொதுவில் வைத்துப் பங்கின்படி அவ்வப்போது மாற்றிப் பகிர்ந்துகொண்டால் சமுதாயம். இம்மூன்றாம் வகை ஊர்களில் உடன்பிறந்தோர் முதலில் பிரித்துக்கொண்டது நிலத்தையன்று, பின்னத்தை.

இன்று புழங்கும் இரு சொற்கள் மேற்குறித்த முதல் வினாவையே எழுப்புகின்றன. பங்காளி என்பவன் ஏற்கெனவே பங்குடையவன்; அவனுக்குப் பங்கு கிடைக்க யாரும் இறக்க வேண்டியதில்லை. அரபு வழி வந்த வாரிசு என்னும் சொல்லோ இறப்பை முன்னிறுத்துவது. ஒருவர் மறைந்த பின்னரே இன்னொருவர் வாரிசாகிறார். பாகபத்திரங்களில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வரக்கூடும். ஆனால் சட்டம் அவற்றுள் எதனை அடிப்படையாகக் கொள்கிறது என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறியது.

இரு ஆட்சிகள், இரு வாசிப்புகள்

காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. எதிர்ப்புறத்துத் தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் வசமிருந்து 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. தஞ்சை நாட்டின் நிருவாகத்தை ஆங்கிலேயர் 1799இலேயே ஏற்றிருந்தனர். ஆக, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வடகரை சென்னை மாகாணத்தின் நீதிமுறைக்கும், தென்கரை புதுச்சேரியின் நீதிமுறைக்கும் உட்பட்டன.

சென்னை நீதிமன்றங்கள் யாஞ்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சர உரையை முதன்மைச் சான்றாகக் கொண்டன. ஸ்மிருதி சந்திரிகை, பராசர மாதவீயம் ஆகியவற்றைத் துணையாகக் கொண்டன. அவற்றின்படி பிதிரார்ஜித நிலத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு. தந்தை உயிரோடிருக்கும்போதே மகன் பாகம் கேட்டு வழக்கிடலாம்; தந்தை தம் விருப்பப்படி அந்நிலம் முழுவதையும் உயிலால் கொடுத்துவிட இயலாது.

புதுச்சேரியின் நிலை வேறு. இந்தியரின் வழக்குகளைச் சாவடி நீதிமன்றம் விசாரித்துவந்தது. அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகள் இன்று அச்சில் கிடைக்கின்றன. 1819 சனவரி 6ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கு நடைமுறைப்படுத்தியது. எனினும் இந்துக்களாயினும் இசுலாமியராயினும் கிறித்தவராயினும், இந்தியர் தத்தம் சாதியின் சட்டம், வழக்கம், மரபு ஆகியவற்றின்படியே தீர்ப்பளிக்கப்படுவர் என்றும் அது உறுதியளித்தது. வழக்கம் எது என்பதில் ஐயம் எழுந்தபோது கருத்துக் கேட்பதற்காக 1827இல் இந்தியச் சட்டநெறி ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் கருத்துரைகளை லெயோன் சோர்க் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்து வெளியிட்டார்.

இவ்வாறு நிலைபெற்ற வழக்கச் சட்டத்தில் மகனுக்குப் பிறப்புரிமை இல்லை. பிதிரார்ஜிதமாயினும் சுயார்ஜிதமாயினும் தந்தையே முழு உடைமையாளர். அவர் வாழும் காலத்தில் மகன் பங்கு கேட்டு வழக்கிட முடியாது. உரிமை தந்தையின் இறப்பிலேயே தோன்றும். விளைவளவில் இது வங்காளத்துத் தாயபாக நெறியை ஒத்திருக்கிறது.

இவ்வேறுபாட்டுக்கு நூல்வேறுபாடு மட்டும் காரணமாக இருக்க முடியாது. சென்னைக் கல்லூரியைச் சார்ந்த மதுரைக் கந்தசாமிப் புலவரின் விவகாரசாரசங்கிரகத்தை 1857இல் சிசே பிரெஞ்சில் பெயர்த்தார் என்பது, சென்னையில் உருவான தமிழ்ச் சட்டநூல் புதுச்சேரியிலும் வாசிக்கப்பட்டதைக் காட்டுகிறது. எனவே வாசித்தவர்களின் சட்டக் கல்வியையும் கருதவேண்டும். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தில் வாரிசுரிமை இறப்பினால் தொடங்குகிறது. உடைமையாளர் உயிரோடிருக்கையில் பிள்ளைகள் அவரது சொத்தில் இணை உடைமையாளர் ஆவதில்லை. அக்கல்வி பெற்ற நீதிபதிகளுக்குத் தந்தையின் முழு உடைமை இயல்பாகவும் மகனின் பிறப்புரிமை விலக்காகவும் தோன்றியிருக்கலாம். உள்ளூர் வழக்கத்தின் பங்கையும் நீதிபதிகளின் பார்வையின் பங்கையும் பிரித்தறிவது, சாவடித் தீர்ப்புகளை ஆலோசனைக் குழுவின் கருத்துரைகளோடு ஒப்பிடும் தனி ஆய்வுக்குரியது.

அறுபது மா நிலம்

இனி ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தைக் கொள்வோம். மனைவியை இழந்த ஒரு தந்தை, இரு மகன்கள், ஒரு மகள். குடும்பத்துக்குப் பிதிரார்ஜிதமாக வந்த நிலம் 3 வேலி, அதாவது 60 மா. பாகம் பிரியாமலே தந்தை இறக்கிறார்.

1956க்கு முன் வடகரையில், தந்தை இருந்தபோது ஒவ்வொரு மகனும் 20 மா கேட்டுப் பெற்றிருக்கலாம். கேளாதிருந்தால், அவர் இறந்தபின் எஞ்சியோர் உரிமையால் மகன்கள் ஆளுக்கு 30 மா அடைவர். தென்கரையில் தந்தை உயில் எழுதாதிருந்தால் அதே 30 மா. மகளுக்கு இருகரையிலும் பங்கில்லை. திருமணச் செலவும் சீதனமுமே அவளுக்குரியவை.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வடகரைக் கணக்கை ஒருவாறு மாற்றியது. தந்தை இறப்பதற்கு முன் பாகம் பிரிந்ததாகப் பாவித்து, அவருக்குரிய 20 மாவை மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பகிரவேண்டும். மகன்கள் ஆளுக்கு 26⅔ மாவும் மகள் 6⅔ மாவும் பெற்றனர். இதே சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. பூவத்தில் மகன்களுக்குப் பிறப்புரிமை இல்லையாதலால், 60 மாவும் தந்தையின் சொத்தாகவே நின்று மூன்றாகப் பிரியும். மகளுக்கு 20 மா. அதாவது, மகனின் பிறப்புரிமையை ஏற்காத வழக்கச் சட்டம், எதிர்க்கரை மகளைப்போல் மும்மடங்கு நிலத்தைப் பூவத்து மகளுக்கு அளித்தது. அவளை மனத்திற்கொண்டு யாரும் அதனை வகுக்கவில்லை.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களுக்குப் பிறப்புரிமை வழங்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அதனை நாடு முழுவதும் விரித்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினிதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. இதன்பின் வடகரையில் தந்தையும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 15 மா உடையர். தந்தையின் 15 மா மூன்றாகப் பிரிய, மகளுக்கு மொத்தம் 20 மா. இரு கரைகளும் சமமாகிவிட்டனபோல் தோன்றும்.

ஆனால் உயில் ஒன்று எழுதப்பட்டால் சமநிலை குலையும். வடகரைத் தந்தை தம் 15 மாவை மட்டுமே உயிலால் கொடுக்கலாம். மகளின் 15 மாவைத் தொட முடியாது. 2005ஆம் ஆண்டுத் திருத்தமோ மிதாட்சரச் சட்டத்தால் ஆளப்படும் கூட்டுக் குடும்பம் என்றே தன் எல்லையைக் குறிக்கிறது. பூவத்துக் குடும்பம் அவ்வெல்லைக்குள் வாராது எனக் கொள்ளின், அங்குள்ள தந்தை 60 மாவையும் மகன்களுக்கே எழுதிவைக்கலாம்; மகள் வெறுங்கையோடு நிற்பாள். முன்பு அவளுக்கு நன்மை செய்த அதே நெறி, இப்போது அவளது காப்பை நீக்குகிறது.

ஒப்புநோக்கு

காரைக்கால் பகுதிக்குள்ளேயே வேறு கணக்குகளும் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தை ஏற்றோர் ரெனோன்சான் எனப்பட்டனர். இந்து வாரிசுரிமைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது என 1963ஆம் ஆண்டு நீட்டிப்பே விலக்களித்தது. பிரெஞ்சுச் சட்டப்படி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உடையவர் நான்கில் ஒரு பங்கை மட்டுமே தம் விருப்பப்படி கொடுக்கலாம். எஞ்சியது பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது. 60 மாவில் 45 மா மகன், மகள் வேறுபாடின்றிப் பிரிய, மகளுக்கு உறுதியாக 15 மா. வடகரை மகள் 2005இல் அடைந்த அதே காப்பு, துறந்தோர் குடும்பத்து மகளுக்கு 1881இலேயே கிட்டியது. இசுலாமியப் பங்கீட்டில் மகன்கள் 24 மா வீதமும் மகள் 12 மாவும் பெறுவர். உயிலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பும் உண்டு.

ஒரே நாட்டில் இடத்துக்கு இடம் நெறி மாறுவது இங்குமட்டும் நிகழ்ந்ததன்று. 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலம் பொதுவாக மூத்த மகனைச் சேர்ந்தது. கென்ட் பகுதியிலோ மகன்கள் அனைவரும் சமமாகப் பிரித்துக்கொண்டனர். நிலத்தை உயிலால் கொடுக்கும் உரிமையை 1540ஆம் ஆண்டுச் சட்டம் விரிவுபடுத்தியது. உயிலின்றி இறந்தவரின் அசையும் சொத்தை, மனைவிக்கு மூன்றில் ஒன்று போகப் பிள்ளைகளிடையே பகிர 1670ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அங்கும் வழக்கத்தின் எல்லைக்கோடு, உயிலின் வரம்பு ஆகிய இரண்டுமே இளைய மகனும் மகளும் பெறுவதைத் தீர்மானித்தன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாகம், பங்கு, பங்காளி ஆகிய சொற்கள் இரு கரைகளிலும் ஒன்றாக இருப்பினும் அவற்றின் சட்டப்பொருள் ஒன்றன்று. காரைக்கால் பகுதிப் பாகபத்திரம் ஒன்றில் தந்தை தம் மகன்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார் எனக் காணப்பட்டால், அது மகன்களின் கடனைத் தீர்த்த செயலன்று. தந்தை தம் விருப்பால் செய்த கொடை. அதே தொடர் வடகரைப் பத்திரத்தில் அமைந்தால் பொருள் மாறும். ஆவணங்களைப் பதிப்பிப்போரும் சொற்பொருள் தொகுப்போரும் ஆவணம் எழுதப்பட்ட கரையைக் குறிப்பது இன்றியமையாதது.

இரண்டாவது, மகளின் பங்கைச் சட்டத்தின் பொதுவாசகத்தை மட்டும் கொண்டு அளக்க முடியாது. மகனுக்கு நிகர் என்னும் உரிமை, மகனுக்கு எது உண்டோ அதனையே மகளுக்கும் தரும். மகனுக்கே பிறப்புரிமை இல்லாத நிலத்தில் அவ்வாசகம் அவளுக்குக் கூட்டித்தருவது ஏதுமில்லை. பூவத்து மகளுக்கு வேண்டியது உயிலுக்கு ஒரு வரம்பு. அத்தகைய வரம்பின் முன்மாதிரி 1881 முதலே அவளது பகுதியில், ரெனோன்சான் குடும்பங்களுக்குரிய சட்டத்தில் இருந்துவருகிறது.