வட்ட அறை வீண் செலவா?

கேள்வி: புது வீட்டின் முன்னறையை வட்டமாகக் கட்ட ஆசைப்படுகிறேன். கொத்தனார், "செலவு இழுக்கும், இடமும் வீணாகும்" என்கிறார். அது சரியா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: பாதி சரி. 40 அடி நீளச் சுவரைச் சதுரமாக எழுப்பினால் உள்ளே 100 சதுர அடி கிடைக்கும். அதே 40 அடியை வட்டமாக வளைத்தால் ஏறக்குறைய 127 சதுர அடி! வளைந்த சுவர் தன் வளைவாலேயே உறுதியாக நிற்கும். இந்தக் கணக்கை நன்றாகப் பயன்படுத்தியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே திருவனந்தபுரம்? தம்பானூரில் அவர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸைப் போய்ப் பாருங்கள். சரிவுப் பாதை ஒன்று சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டவை. சுவரில் விட்ட துளைகள் காற்றையும் வெளிச்சத்தையும் தருகின்றன.

கொத்தனார் சொல்வதிலும் நியாயம் உண்டு. கட்டில், பீரோ எல்லாம் நேர்க்கோட்டில் செய்யப்படுபவை. வளைந்த சுவரோடு ஒட்டாது. டைல்ஸ் வெட்டுவதில் சேதாரம் கூடும். கூரைக்குச் சென்ட்ரிங் அடிக்கவும் கூலி அதிகம்.

ஆகவே படுக்கையறை, சமையலறை சதுரமாகவே இருக்கட்டும். முன்னறையைத் தயங்காமல் வட்டமாக்குங்கள். சுவரை ஒட்டி வளைந்த திண்ணை கட்டிவிட்டால் சோபாவே தேவையில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் முகம் ஒருவர் பார்த்துப் பேசலாம்.