இன்னொரு ஆம்ப் எதற்கு?

ஒரே வாரத்தில் மூன்று அழைப்புகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை ஓட்டல் ஒன்றின் உணவுக்கூடத்தில் கீபோர்டு, பேஸ், ஒரு பாடகி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி, டிரம்ஸும் பேடும் சேர்ந்த முழுக் குழு. ஞாயிறு இரவு ஊர்த் திருவிழா. திறந்தவெளி மேடை, ஜெனரேட்டர் கரண்ட். வாசிக்கப்போகிற பேஸ் கிடார் ஒன்றுதான். ஆனால் மூன்று இடத்துக்கும் ஒரே ஆம்பைத் தூக்கிக்கொண்டு போனால், இரண்டு இடத்திலாவது அது பொருந்தாத ஆம்பாக இருக்கும்.

பேஸ் வாசிப்பதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஒன்றுதான் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு உங்களிடம் நியாயமான பதில் இருக்க வேண்டும். "எல்லாரும் வைத்திருக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. வேலை நடக்கும் இடம் மாறுகிறது, அதனால் கருவி மாறுகிறது என்பதே பதில். தச்சர் பையில் ஒற்றை உளி கிடப்பதில்லை.

இந்தத் தொழிலின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஜேமர்சனையே எடுத்துக்கொள்வோம். 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர். அவரிடம் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் இருந்தது. மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்சரில் செருகி வாசித்தார். சிறிய கிளப்புகளுக்கு ஆம்பெக் பி-15. பெரிய அரங்குகளுக்கு இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட, கஸ்டம் (Kustom) என்ற நிறுவனத்தின் ஆம்ப். ஆள் ஒருவர், வேலையிடம் மூன்று, வழியும் மூன்று. அவர் விரலிலிருந்து வந்த இசை எல்லா இடத்திலும் ஒன்றுதான். அது கேட்பவர் காதுக்குப் போய்ச் சேரும் பாதையை இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்.

பேஸுக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? கிடார் வாசிக்கும் நண்பர் 30 வாட்ஸ் ஆம்ப் ஒன்றை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வருகிறாரே?

காரணம் நம் காதிலும் காற்றிலும் இருக்கிறது. நான்கு தந்தி பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து தந்தி என்றால் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. மனிதக் காது நடு ஸ்வரங்களை எளிதாகப் பிடிக்கும். இவ்வளவு கீழே உள்ளதைக் கேட்க அதற்குப் பல மடங்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை உண்டாக்க ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். இதில் இன்னொரு கணக்கு பலரை ஏமாற்றுகிறது. 100 வாட்ஸை 200 வாட்ஸ் ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். கேட்பவருக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஆகவே ஓட்டலில் இனிமையாகக் கேட்ட 40 வாட்ஸ் பெட்டியின் குமிழைத் திருவிழா மேடையில் முழுக்கத் திருகினாலும் ஒன்றும் நடக்காது. கரகரக்கும், பிறகு ஸ்பீக்கர் கிழியும்.

இந்தச் சிக்கல் பேஸ் கிடாரோடு கூடப் பிறந்தது. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் ஆம்பையும் செய்ய வேண்டியதாயிற்று, ஏனென்றால் கிடார் ஆம்ப் அந்த அடி ஸ்வரங்களைத் தாங்கவில்லை. 1960இல் ஆம்பெக் பி-15 வந்தது. 25 வாட்ஸ், ஒரே 15 அங்குல ஸ்பீக்கர். தலைப்பகுதியைக் கவிழ்த்துப் பெட்டிக்குள் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். கிளப்புக்கு அது போதும். விளையாட்டரங்கங்களில் ராக் கச்சேரிகள் தொடங்கியதும் போதவில்லை. 1969இல் அதே நிறுவனம் 300 வாட்ஸ் எஸ்விடியைக் கட்டியது. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட கேபினட்டுடன் அது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் போனது. அந்த வரிசையில் வந்த எஸ்விடி-சிஎல் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) 36 கிலோ, 810 கேபினட் 63 கிலோ. சேர்த்தால் ஏறக்குறைய 100 கிலோ. லாரியும் நான்கு ஆட்களும் இருந்தவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. ஆட்டோவில் போகிற உங்களுக்குப் பிரச்சினை.

எனவே முதல் அறிவுரை: பெரிய ஆம்பை முதலில் வாங்காதீர்கள். ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறக்கூடிய சிறிய காம்போவே (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளது) உங்கள் முதல் சம்பாத்தியக் கருவி. ஃபெண்டர் ரம்பிள் 40 ஏறக்குறைய 8 கிலோ, ரம்பிள் 100 ஏறக்குறைய 10 கிலோ. தோளில் கிடார், ஒரு கையில் ஆம்ப், மறு கையில் கேபிள் பை என்று ஒரே நடையில் போய்விடலாம். வீட்டுப் பயிற்சிக்கும் ரிகர்சலுக்கும் ஓட்டல் வேலைக்கும் இது போதும். ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரவு பதினோரு மணிக்குப் பயிற்சி செய்ய அக்கம்பக்கத்தார் அனுமதி வேண்டியிருக்காது. டிஐ அவுட், அதாவது நேராக மிக்சருக்குப் போகும் இணைப்பு, இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் தனியாக ஒரு டிஐ பாக்ஸ் வாங்கிக் கிடார் பையிலேயே போட்டுவையுங்கள். ஆம்ப் இல்லாமல்கூட ஒரு கச்சேரியை முடித்துவிடலாம். டிஐ இல்லாமல் பெரிய கச்சேரி எதையும் முடிக்க முடியாது, ஏனென்றால் கூட்டத்துக்குக் கேட்பது உங்கள் ஆம்ப் அல்ல, சவுண்ட் சிஸ்டம்.

இரண்டாவது ஆம்ப் என்பது ஹெட் தனி, கேபினட் தனி என்ற ஏற்பாடாக இருக்கட்டும். கிளாஸ் டி தொழில்நுட்பம் வந்த பிறகு 500 வாட்ஸ் ஹெட் இரண்டு மூன்று கிலோவுக்குள் கிடைக்கிறது. டிரேஸ் எலியட் எல்ஃப் என்ற ஹெட் 200 வாட்ஸ் தருகிறது. எடை முக்கால் கிலோ. கேபினட்டில்தான் நிதானம் வேண்டும். முதல் கேபினட்டை 8 ஓம் உள்ளதாகவே வாங்குங்கள். கடைக்காரர் 4 ஓம் பெட்டியைக் காட்டி, "இதில்தான் முழு வாட்ஸும் வரும்" என்பார். உண்மைதான். ஆனால் நாளைக்கு இன்னொரு பெட்டி சேர்க்க நினைத்தால் அங்கேயே வழி அடைபட்டுவிடும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம். பெரும்பாலான ஹெட்கள் அதைத் தாங்கும். 4 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம், பெரும்பாலானவை தாங்காது. சில ஹெட்கள் தாமாக அணைந்துகொள்ளும், சில எரிந்துபோகும். ஹெட்டின் பின்பக்கத்தில் குறைந்தபட்ச ஓம் அளவு அச்சிட்டிருக்கும்; பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படியுங்கள். வால்வு ஆம்ப் என்றால் இன்னும் கவனம் தேவை. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே கிடார் கேபிளைச் செருகாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உள்ளே கம்பி மெல்லியது, சூடேறும்.

8 ஓம் பெட்டி இரண்டு இருந்தால் உங்களிடம் உண்மையில் இரண்டு ஆம்புகள் இருப்பதாகவே அர்த்தம். மண்டபத்துக்கு ஒரு பெட்டி, மைதானத்துக்கு இரண்டு. வாட்ஸை ஏற்றுவதைவிட ஸ்பீக்கர் பரப்பை ஏற்றுவதில் பலன் அதிகம் என்பதை மேடையில் ஒரே பாட்டில் உணர்ந்துகொள்வீர்கள்.

மண்டபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் பேஸ்காரர்கள் அதிகம் வாசிப்பதும் அதிகம் திணறுவதும் அங்கேதான். நான்கு பக்கமும் சிமென்ட் சுவர், மொசைக் தரை, துணியோ மெத்தையோ கிடையாது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளும். அது சுவரில் மோதித் திரும்பி வந்து, ஓரிடத்தில் குமுறும், நாலடி தள்ளி நின்றால் காணாமல் போகும். அந்த இடத்தில் பெரிய ஆம்ப் உதவாது, கெடுக்கும். பெட்டியைப் பலகை மேடையில் நேராக வைக்காமல் நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். உள்ளீடற்ற மேடை கூடவே முழங்குவது குறையும், ஸ்பீக்கரும் உங்கள் காதுக்கு நெருங்கும். பேஸ் குமிழைக் குறைத்து மிட் குமிழைக் கூட்டுங்கள். தனியாகக் கேட்கும்போது அந்த டோன் வறண்டதுபோலத்தான் தோன்றும். குழுவோடு சேரும்போது ஒவ்வொரு ஸ்வரமும் தெளியும்.

திறந்தவெளி இதற்கு நேர்மாறு. திருப்பி அனுப்பச் சுவர் இல்லை, ஒலி போனது போனதுதான். சப்-வூஃபர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். மேடையில் டிரம்மருக்கு உங்கள் பேஸ் தெளிவாகக் கேட்காது. கேட்காவிட்டால் தாளம் தடுமாறும். அங்கே பெரிய ஆம்ப் வேண்டியது கூட்டத்துக்காக அல்ல, உங்கள் டிரம்மருக்காக. அவர் தலை உயரத்தில் ஸ்பீக்கர் இருக்கும்படி பெட்டியை அடுக்குங்கள்.

இன்னொரு ஆம்ப் வைத்துக்கொள்ள மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. ஆம்ப் நின்றுபோகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரிசப்ஷனில் மூன்றாவது பாட்டின் சரணத்தில் என் ஆம்ப் ஒரு சத்தமும் இல்லாமல் அணைந்தது. ஜெனரேட்டருக்கு மாறிய நொடியில் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு. பாட்டு நடந்துகொண்டிருக்க, டிஐ வழியாக மிக்சருக்குப் போனேன். அடுத்த பாட்டுக்குள் காரிலிருந்து பழைய சின்னக் காம்போ வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எதுவும் தெரியாது. குழு நடத்துநருக்குத் தெரியும். அடுத்த மாதமும் அவர்தான் கூப்பிட்டார். நன்றாக வாசிப்பவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். கச்சேரியை நிற்க விடாதவருக்குத்தான் தொடர்ந்து வேலை வருகிறது. அதுவே இந்தத் தொழிலின் நடைமுறை.

அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ அக்காவோ ஆம்ப் கொண்டுவருகிறேன் என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். சில ஹெட்கள் இரண்டையும் ஏற்கும், சிலவற்றில் மாற்றும் சுவிட்ச் இருக்கும், மற்றவை செருகிய கணத்தில் புகையும். பின்பக்க அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாங்கிய பில்லையும் சீரியல் நம்பரையும் போனில் சேமித்துவையுங்கள். இது தொழில் கருவி, வருமான வரிக் கணக்கெழுதுபவர் கேட்பார்.

ஆம்பே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. காதுக்குள் மானிட்டர், பெடலில் ஆம்ப் டோன், நேராக மிக்சர். கனடாவின் ரஷ் குழுவில் வாசித்த கெடி லீ 2002 சுற்றுப்பயணத்தில் தனக்குப் பின்னால் ஆம்புகள் நிற்கும் இடத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களை வரிசையாக வைத்தார், ஏனென்றால் ஆம்புகளே அவருக்குத் தேவைப்படவில்லை. பெரிய தேவாலயங்களிலும் இப்போது மேடை அமைதியாகிவிட்டது. இந்த வழி நல்ல வழிதான், நல்ல சவுண்ட் இன்ஜினியரும் நல்ல மானிட்டரும் இருக்கும்வரை. நம் ஊரில் வாரம் ஒரு சவுண்ட் செட், வாரம் ஒரு ஆள். அடுத்தவர் மிக்சரை மட்டும் நம்பி மேடையேறுவது இப்போதைக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பெரிய ஆம்ப் வந்ததும் காதை மறந்துவிடாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மேடையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றாலே அந்த அளவைத் தொட்டுவிடுவோம். காதடைப்பான் ஒரு ஜோடி உங்கள் பையில் இருக்கட்டும். முதுகுக்காக ஒரு தள்ளுவண்டி வாங்குங்கள்.

பெரிய 810 பெட்டி? கனவாகவே இருக்கட்டும். அது வேண்டிய கச்சேரிக்கு வாடகைக்குக் கிடைக்கும், தூக்க ஆளும் சேர்ந்து வரும். சொந்தமாக வாங்க வேண்டியது இவ்வளவுதான்: முதலில் சிறிய காம்போ, உடனே டிஐ, கையில் காசு சேர்ந்ததும் எடை குறைந்த ஹெட்டும் 8 ஓம் பெட்டியும், பிறகு அதே போன்ற பெட்டி இன்னொன்று. இதில் எந்தக் கட்டத்திலும் கடைக்காரர் ஒரு யோசனை சொல்வார்: "பழசைக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தைக் கட்டுங்கள்." பழைய காம்போவுக்கு அவர் தரும் விலை மிகக் குறைவு. அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.