பழத்துக்குக் கொதி, பூவுக்கு மூடி

ஜெர்மன் வானிலைத் துறை, செடிகொடிகளின் மாற்றத்தைப் பார்த்து ஆண்டைப் பத்துப் பருவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் இரண்டைத் தொடங்கி வைப்பது ஒரே செடி. எல்டர் பூத்துவிட்டால் முன்கோடை வந்துவிட்டது என்று குறித்துக்கொள்கிறார்கள். அதே செடியின் பழம் கறுத்துவிட்டால் இலையுதிர்காலத்தின் முதல் கட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நான் வசிக்கும் வூர்ட்ஸ்பூர்க்கில் இதை ஹோலுண்டர் என்பார்கள். மாயின் ஆற்றங்கரையிலும், ரயில் பாதை ஓரத்திலும், பழைய தானியக் கொட்டகைகளின் பின்புறமும் தானாக வளர்ந்து கிடக்கும். தழைச்சத்து மிகுந்த மண் என்றால் இதற்குக் கொள்ளைப் பிரியம். எருக்குழி அருகில் இருப்பது ஆளுயரத்தைத் தாண்டிக் குடை விரித்து நிற்கும்.

இதன் பூவையும் பழத்தையும் சேர்த்துப் போடும் மூலிகைத் தேநீர்தான் எங்கள் வீட்டில் குளிர்கால மாலைகளுக்கு. தேயிலை கிடையாது, காஃபின் கிடையாது. இரவு எத்தனை மணிக்குக் குடித்தாலும் தூக்கம் கெடாது. பூ மணம் தரும். பழம் நிறமும் கனமும் தரும். ஆனால் இந்த இரண்டும் அடுப்பில் ஒத்துப்போகாதவை. பழத்தை நன்றாகக் கொதிக்கவிட்டே தீர வேண்டும். பூவைக் கொதிக்கவிட்டால் அதை வாங்கிய காசு ஆவியாகப் போய்விடும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

பச்சையாக வேண்டாம்

முதலில் எச்சரிக்கை. எல்டரின் இலை, தண்டு, பட்டை, காய், விதை ஆகியவற்றில் சாம்புநைக்ரின் என்ற பொருள் இருக்கிறது. வயிற்றுக்குள் போனால் அதிலிருந்து சயனைடு பிரியும். நன்கு பழுத்த பழத்தில் இதன் அளவு குறைவுதான். ஆனாலும் பச்சையாகத் தின்றால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நன்றாகக் கொதித்தால் பயமில்லை.

1983 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவில் நடந்தது இதற்குச் சான்று. ஒதுக்குப்புறமான ஓர் இடத்தில் கூடிய குழு ஒன்று, காட்டு எல்டர்பெர்ரியை இலை, கிளையோடு சேர்த்து நசுக்கிப் பச்சைச் சாறாகக் குடித்தது. எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மான்டரே நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

ஜெர்மன் ஊர்க்காரர்கள் இந்தப் பழத்தை அடுப்பில் ஏற்றாமல் தொடுவதே இல்லை. ஹாம்பர்க் பக்கம் இதன் சாற்றை ஆப்பிள் துண்டுகளோடு கொதிக்கவைத்து, ரவை உருண்டைகளை மிதக்கவிட்டுச் சூப்பாகச் சாப்பிடுகிறார்கள். ஜாம், சிரப், ஜெல்லி எல்லாமே கொதித்து வருபவைதான். தேநீருக்கும் அதே விதி.

பறிக்கும்போது

செடியைச் சரியாக அடையாளம் தெரியாவிட்டால் பறிக்காதீர்கள். தெரிந்த ஒருவருடன் முதலில் போய்வருவது நல்லது. நமக்கு வேண்டியது மரத்தண்டு உள்ள பெரிய புதர். ஓர் இலைக்காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். கறுத்த பழக்கொத்து பாரம் தாங்காமல் கீழ்நோக்கித் தொங்கும். இதன் உறவான குட்டை எல்டர் நஞ்சு மிகுந்தது. அதில் மரத்தண்டு இருக்காது, ஆண்டுதோறும் தரையிலிருந்து முளைக்கும், பழக்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். கொத்து வானத்தைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் சொந்த உபயோகத்துக்குக் கைப்பிடி அளவு பறித்துக்கொள்ளலாம். இயற்கைக் காப்பிடங்களில் கூடாது. வேலிக்குள் நிற்பதை உரியவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்துச் செடியை நான் பார்ப்பதே இல்லை. புகையும் புழுதியும் அதில் ஏறியிருக்கும்.

பூ பறிக்க மே, ஜூன். இரண்டு நாள் மழையில்லாமல் வெயில் அடித்த பிறகு, பனி உலர்ந்த காலை நேரம் நல்லது. பூவைத் தண்ணீரில் அலசக் கூடாது. மணத்தில் பெரும்பங்கு மகரந்தத்தோடு போய்விடும். கொத்தைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினால் பூச்சிகள் உதிரும். பிறகு பருத்தித் துணியில் பூ கீழே பார்க்கும்படி பரப்பி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் காயவைக்க வேண்டும். காய்ந்த பூ வெண்ணெய் நிறத்தில் இருந்தால் சரி. பழுப்பேறியதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் வைக்கோல் வாசம்தான் வரும். தடித்த காம்புகளை நீக்கி, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைத்தால் ஒரு வருடம் தாங்கும்.

ஒரே செடியில் எல்லாப் பூவையும் பறித்துவிட்டால் அந்தச் செடியில் பழம் ஏது? கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். பழத்திலும் பறவைகளுக்குப் பங்கு உண்டு.

பழம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. கொத்து முழுவதும் கறுத்ததையே எடுக்க வேண்டும். கீழ்வீட்டு மூதாட்டி முள்கரண்டியை வைத்துக் கொத்தை மேலிருந்து கீழே வாருவார். பழம் பாத்திரத்தில் உதிரும், காம்பு கையில் நிற்கும். நான் இன்னும் சோம்பேறி. கொத்தோடு பையில் போட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் பையை உலுக்குவேன். இறுகிய பழங்கள் தானாகக் கழன்றுவிடும். பச்சையும் சிவப்புமாக இருப்பதைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். விரலில் ஏறும் ஊதா ஒரு நாளில் போகும், வெள்ளைச் சட்டையில் ஏறியது போகாது. பழத்தைக் காயவைப்பதைவிட ஃப்ரீசரில் வைப்பதே எனக்கு வசதி. காய்ந்த பழம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

கடையில் வாங்கும்போது

பைத் தேநீர் வாங்குவோர் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. முன்புறம் பெரிய எல்டர்பெர்ரிக் கொத்துப் படம் இருக்கும். பின்புறம் முதலில் ஆப்பிள் துண்டு, அடுத்து ஹைபிஸ்கஸ், அப்புறம் ரோஜாக்கனி, கடைசியில் சிறு சதவிகிதத்தில் எல்டர்பெர்ரி என்று வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பழத் தேநீரின் வழக்கமான கலவை அது. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

டம்ளரில் பளிச்சென்று செக்கச் சிவந்து, நாக்கைச் சுண்டும் புளிப்போடு வந்தால் அது ஹைபிஸ்கஸின் வேலை. நம் புளிச்சக்கீரைச் செடியின் இனம்தான் அது. அதன் சிவந்த சதைப்பற்றான புல்லிகளைக் காயவைத்துப் போடுகிறார்கள். எல்டர்பெர்ரி மட்டும் தருவது கருஞ்சிவப்பு கலந்த ஊதா. ருசியில் புளிப்பு குறைவு, இனிப்பும் குறைவு, மண்வாசம் போல ஓர் அடித்தளம் இருக்கும். நாவல்பழத்தின் துவர்ப்பைப் பாதியாகக் குறைத்தால் எப்படியிருக்குமோ அப்படி.

அதனால் நான் உதிரியாக வாங்கிக் கலந்துகொள்கிறேன். பழம் இரண்டு பங்கு, பூ ஒரு பங்கு, காய்ந்த ஆப்பிள் ஒரு பங்கு, ஹைபிஸ்கஸ் ஒரு சிட்டிகை. ஆப்பிள் இனிப்பைக் கொடுக்கும், ஹைபிஸ்கஸ் புளிப்பைத் தூக்கிவிடும்.

போடும் முறை

இரண்டு பெரிய டம்ளருக்கு 600 மில்லி தண்ணீர். காய்ந்த எல்டர்பெர்ரி இரண்டு மேசைக்கரண்டி. ஃப்ரீசர் பழம் என்றால் ஒரு கைப்பிடி. ஆப்பிளையும் இப்போதே சேர்த்துவிடலாம். தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, சிம்மில் 15 நிமிடம் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறம் இறங்கிவிடும். அதைப் பார்த்து அவசரப்பட்டு இறக்காதீர்கள்; நிறம் வந்தது பழம் வெந்ததற்கு அடையாளமல்ல. கடைசியில் கரண்டியால் பழத்தைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் லேசாக நசுக்குங்கள். மிக்ஸியில் அரைக்க வேண்டாம், விதை உடையக் கூடாது.

அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் ஒரு மேசைக்கரண்டி காய்ந்த பூவையும் ஹைபிஸ்கஸையும் போட்டு உடனே தட்டால் மூடுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம் ஊறட்டும். மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் நீர்த்துளிகள் கோத்திருக்கும். பூவின் மணம் ஏறிய துளிகள் அவை. மூடியைச் சாய்த்து அவற்றைப் பாத்திரத்துக்குள்ளேயே வடியவிடுங்கள். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கம்பி வடிகட்டியில் மகரந்தத் தூளும் பொடிக்காம்பும் இறங்கிவிடும்.

இந்த மூடிதான் நம்மவர்கள் மறக்கும் இடம். கஷாயம் என்றால் பாதியாகச் சுண்ட வேண்டும் என்று பழகிய கை நமக்கு. சுக்கும் மிளகும் அதைத் தாங்கும். எல்டர் பூ தாங்காது. அதன் மணப்பொருள்களில் ஒன்று ரோஸ் ஆக்சைடு. லிச்சிப் பழத்துக்கு அந்த வாசத்தைக் கொடுப்பதும் அதுதான். மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும், அதே வேகத்தில் காற்றில் போய்விடும்.

அதே காரணத்தால் பூ சேரும் தேநீரில் சுக்கு, மிளகு, ஏலக்காய் எதையும் நான் சேர்ப்பதில்லை. ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் போதும். மசாலா வேண்டும் என்றால் பூவை விட்டுவிட்டு, பழத்தோடு லவங்கப்பட்டையும் ஒரு கிராம்பும் கொதிக்கவிடுங்கள். அது வேறொரு பானம், அதுவும் நன்றாகவே இருக்கும். பால் மட்டும் வேண்டாம், புளிப்பில் திரிந்துவிடும்.

பைத் தேநீருக்கு இந்த வேலையெல்லாம் இல்லை. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி, எட்டு நிமிடம் விட்டால் போதும். குறைந்தது ஐந்து நிமிடம் என்று ஜெர்மன் அட்டைகளிலேயே அச்சிட்டிருப்பார்கள். ருசிக்காக மட்டும் சொல்வதல்ல அது. காய்ந்த மூலிகையில் கிருமி ஒட்டியிருக்கலாம், கொதிநீரே அதைக் கொல்லும். ஆகவே பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கும் முறை இதற்கு ஆகாது. ஐஸ் போட்டுக் குடிக்க ஆசையென்றால் சூடாகப் போட்டு, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

தண்ணீரின் கைவரிசை

வூர்ட்ஸ்பூர்க் குழாய்த் தண்ணீர் கடினத்தன்மைக்குப் பேர்போனது. கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு படியும் ஊர் இது. இந்தத் தண்ணீரில் வெறும் எல்டர்பெர்ரியைக் கொதிக்கவிட்டால் நிறம் நீலம் பாய்ந்து, கொஞ்சம் அழுக்காகத் தெரியும். பயப்பட வேண்டியதில்லை. பழத்தின் நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். காரத்தில் அது நீலத்துக்கும் அமிலத்தில் சிவப்புக்கும் சாயும்.

கண்ணாடி டம்ளரில் ஊற்றி அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள். சாறு விழுந்த இடத்தில் முதலில் ஒரு சிவப்புக் கோடு இறங்கும். கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றினால் டம்ளர் முழுக்க மாதுளை நிறத்துக்கு மாறிவிடும். ருசியும் அதோடு நிமிரும். போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளிலும் இது நடக்கும். வடிகட்டிய தண்ணீர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் எலுமிச்சை போதும்.

தேன் சேர்ப்பவர்கள் குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு சேருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

சளிக்குக் கேட்குமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பூவுக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1840களில் எழுதிய எல்டர் மரத் தாயின் கதையில், கால் நனைந்து சளி பிடித்த சிறுவனுக்கு அவன் அம்மா போட்டுக்கொடுப்பது எல்டர் தேநீர்தான். ஐரோப்பிய மருந்து முகமையும் சளியின் ஆரம்ப அறிகுறிகளுக்கு எல்டர் பூத் தேநீரை ஏற்றிருக்கிறது. நீண்ட காலப் பயன்பாட்டின் அடிப்படையில் கொடுத்த ஏற்பு அது. ஆய்வில் நிரூபணமானது என்று அதற்குப் பொருளல்ல.

பழத்தைப் பற்றிய செய்திகள் கலவையானவை. நீண்ட விமானப் பயணிகளை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து 2016இல் வெளியான ஆய்வில், எல்டர்பெர்ரி மாத்திரை சளி வராமல் தடுத்ததாகத் தெரியவில்லை. வந்தவர்களுக்குச் சளி இருந்த நாட்கள் குறைந்தன. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இன்ஃபுளுவென்சா நோயாளிகளுக்குப் பலன் எதுவும் காணவில்லை. இரண்டுமே செறிவூட்டிய சாற்றை வைத்துச் செய்தவை, நாம் போடும் தேநீரை வைத்து அல்ல. தொண்டைக்கு இதமாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. எந்தச் சூடான பானமும் ஓரளவு அதைச் செய்யும். கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நம்மூரில் இருப்பவர்கள் இறக்குமதிப் பாக்கெட்டுக்குத் தங்கத்தின் விலை கொடுத்து, நோய் எதிர்ப்புச் சக்தி என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். மணத்துக்கும் ருசிக்கும் வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும்போது பூவும் பழமும் தனித்தனியாக வருவதையே கேட்டு வாங்குங்கள். ஒன்றாகக் கலந்து வந்தால் ஒன்றுக்காக இன்னொன்றைப் பலிகொடுக்க நேரும்.