மண் பற்றுவதும் விடுவதும்

நுழையும்முன்
மண்ணின் வழியே வடியும் கலங்கல் நீர் தெளிந்து வெளிவருவதைக் கண்டிருப்பீர்கள். தெளிந்த நீரெல்லாம் தூய நீர்தானா? விருத்தாசலத்துக் களிமண்ணில் தொடங்கி அதற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

விருத்தாசலத்தின் பழம்பெயர் முதுகுன்றம். பீங்கான் தொழிலால் அறியப்படும் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். பாறை முதுமையடைந்தே களிமண்ணாகிறது. ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் பன்னெடுங்காலம் நீரால் சிதைந்து கயோலின் என்னும் வெண்களிமண் உருவாகிறது. அகல்விளக்கும் பொம்மையும் ஆகும் அக்களிமண்ணுக்கு நிலத்தடியில் வேறொரு பணியும் உண்டு.

களிமண் துகள்கள் கண்ணுக்குப் புலப்படாத நுண்தகடுகள். ஒரு கிராம் கயோலினில் உள்ள தகடுகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 10 முதல் 20 சதுர மீட்டர். அதாவது, ஓர் அறையின் தரை. இப்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்சுமை உடையது. ஆதலால் நீரில் கரைந்துள்ள நேர்மின் அயனிகளை அது தன்பால் ஈர்த்து நிறுத்துகிறது. இதனைப் பரப்புக்கவர்ச்சி என்பர். உறிஞ்சுதல் என எழுதி மதிப்பெண் இழப்போர் ஆண்டுதோறும் உளர். பஞ்சு நீரை உட்கொள்வது உறிஞ்சுதல். இஃதோ மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்வது.

1850இல் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் வே என்னும் வேதியியலார், அம்மோனியம் உப்புக் கரைசலை மண் வழியே வடியவிட்ட ஆய்வுகளை வெளியிட்டார். அம்மோனியத்தை மண் பிடித்துக்கொண்டது. அதற்கு ஈடாகக் கால்சியம் வெளியே வந்தது. ஒன்றைப் பற்ற வேண்டுமெனில் மற்றொன்றை விட வேண்டும் என்பது மண்ணின் கணக்கு.

அக்கணக்கு எல்லா நஞ்சுக்கும் பொருந்துவதில்லை. குரோமியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜனேற்ற எண் +3 உடைய குரோமியம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், அல்லது வீழ்படிவாகும். +6 நிலையிலோ அது குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாகிறது. களிமண்ணும் எதிர்மின், குரோமேட்டும் எதிர்மின்; பிடிக்க ஆளின்றி அது நீரோடு நழுவுகிறது. புற்றுநோய் விளைவிப்பதும் இந்த +6 நிலையே. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவு, இலட்சம் டன்னுக்கும் மேலாகத் திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழைதோறும் குரோமேட் கரைந்து நிலத்தடி நீரை அடைந்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைக் கடத்தல் கூடாது என்பது இந்தியத் தர வரையறை.

செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு, அமிலச் சூழலில் நேர்மின்சுமை பெற்றுக் குரோமேட்டைப் பிடிக்க வல்லது. ஆர்சனிக்கையும் அது பற்றிக்கொள்ளும். ஆனால், அப்பிடி நிலையானதன்று. மேற்கு வங்கத்திலும் வங்காளதேசத்திலும் ஆற்றுப்படிவுகளின் ஆழத்தில் ஆக்சிஜன் அற்ற நிலையில், நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைத்தன. பற்றியிருந்த ஆர்சனிக் விடுபட்டது. குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்குக்கு அஞ்சித் தோண்டிய ஆழ்குழாய்க் கிணறுகளில் அந்நீர் பளிங்குபோல் தெளிந்து வந்தது.

கற்பவை கற்றபின்
இரு புனல்களில் மணலுடன் களிமண் கலந்து இடுக. ஒன்றில் மெத்திலீன் நீலக் கரைசலையும் மற்றொன்றில் இயோசின் சிவப்புக் கரைசலையும் ஊற்றுக. எந்நிறம் கீழே வடிகிறது? சாயங்களின் மின்சுமையை வேதியியல் ஆசிரியரிடம் கேட்டறிந்து, காரணத்தை எழுதுக.