ரோகிணியும் அபிஜித்தும்

தக்ஷப் பிரஜாபதியின் புதல்வியர் 27 பேரையும் சந்திரன் மணந்தான். ஆனால் ரோகிணியின் இல்லத்திலேயே தங்கி மற்றையோரைப் புறக்கணித்தான். தக்ஷனின் சினத்தால் க்ஷயரோகம் எய்தித் தேய்ந்தான். பின்னர் மேலைக் கடற்கரையிலுள்ள பிரபாச தீர்த்தத்தில் நீராடி ஒளி பெற்றான் என்பது மகாபாரதக் கதை. பிறை தேய்வதையும் வளர்வதையும் விளக்க இது போதும். ஆயினும் அத்தனை மனைவியருள் ரோகிணியை மட்டும் தேர்ந்ததேன்?

விண்மீன்களினூடே ஒருமுறை சுற்றிவரச் சந்திரனுக்கு 27 நாட்களும் ஏறக்குறைய 8 மணி நேரமும் ஆகின்றன. நாளுக்கொரு வீடு என்னும் கணக்கு இதிலிருந்தே பிறந்தது. சந்திரனின் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் வீதிக்கு 5 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்துள்ளது. செந்நிற ரோகிணி மீனோ அவ்வீதிக்குத் தெற்கே ஏறத்தாழ 5½ பாகையில் உள்ளது. இச்சாய்வின் திசை 18.6 ஆண்டுகளில் ஒருமுறை சுழன்றுவருவதால், ஒவ்வொரு சுற்றிலும் சில ஆண்டுகள் சந்திரன் மாதந்தோறும் ரோகிணியை மறைத்துச் செல்கின்றது. பூமியின் ஏதேனும் ஒரு பகுதியில் அக்காட்சி தென்படும். 2015 முதல் 2018 வரை அவ்வாறு நிகழ்ந்தது. மகம், சித்திரை, கேட்டை ஆகியவற்றின் முதன்மை மீன்களையும் சந்திரன் மறைப்பதுண்டு. ஆதலின் கதைக்கு இதுவொன்றே காரணமெனச் சாதிப்பது மிகையாகும். எனினும் அந்நான்கனுள் பொதுவாக ஒளி மிக்கது ரோகிணியே.

ரோகிணிக்கு ஒரு தங்கையும் உண்டு. மூத்தவளாக விழைந்து தவம் செய்யக் கானகம் ஏகினாள் என மகாபாரத வனபர்வம் கூறும் அபிஜித்தே அவள். தைத்திரீய சம்ஹிதையில் நக்ஷத்திரங்கள் 27. அதர்வவேதப் பட்டியலில் அபிஜித்தையும் சேர்த்து 28. மேனாட்டார் வேகா என வழங்கும் இம்மீன் சூரிய வீதிக்கு வடக்கே சுமார் 62 பாகையில் உள்ளது. சந்திரன் அதனை 56 பாகைக்குள் நெருங்குவதே இல்லை. வீதியை 13 பாகை 20 கலை கொண்ட 27 சம பாகங்களாகப் பிரித்தபொழுது, கணவன் எட்டிப்பாராத அந்த இல்லத்திற்கு இடமின்றிப் போயிற்று.

சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் துருவத்திற்கு அண்மையிலிருந்த வேகா, பூமியின் அச்சுச் சுழற்சியால் அதைவிட்டு விலகியதையே இக்கதை குறிக்கின்றது என்பாரும் உளர். அத்துணைப் பெரிய பாரத்தை அக்கதையின் சில வரிகள் தாங்கமாட்டா.

டிசம்பர், ஜனவரி மாதங்களின் முன்னிரவில், கார்த்திகைக் கூட்டத்திற்குச் சற்றுக் கிழக்கே செந்நிறமாக மின்னுவது ரோகிணி. அபிஜித்தைக் காண ஆகஸ்டு மாதம் ஏற்றது. இரவு 9 மணியளவில் உச்சிக்குச் சிறிது வடக்கே வெண்ணீலமாக ஒளிரும்.